ஒரே பட்டம், இரண்டு விலை

கடையில் இரண்டு சோப்புக் கட்டிகள் இருக்கின்றன. ஒரே எடை, ஒரே தர முத்திரை. ஒன்றின் விலை 40 ரூபாய், மற்றொன்றின் விலை 140 ரூபாய். எதை வாங்குவீர்கள்? 140 ரூபாய்க் கட்டியில் அப்படி என்ன விசேஷம் என்று கடைக்காரரைக் கேட்காமல் நகர மாட்டீர்கள் அல்லவா? நூறு ரூபாய்க்காக இவ்வளவு கேள்வி கேட்கும் நாம், மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் விலையைப் பற்றிப் பேசுவதே மரியாதைக் குறைவு என்பதுபோல் நடந்துகொள்கிறோம். "படிப்பு விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். காசு பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அதையும் பெற்றோர் மட்டும் பார்த்தால் போதாது, நீங்களும் பார்க்க வேண்டும்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் திருநள்ளாற்றில் குடியிருப்பதால், ஆண்டுதோறும் நீட் தேர்வு முடிவு வெளியானதும் சில பெற்றோர் பிள்ளைகளுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "இரண்டு இடத்தில் கிடைக்கும் போலிருக்கிறது, எதில் சேரலாம்?"

எங்கள் காரைக்கால் பகுதியின் நிலையைச் சற்று விளக்க வேண்டும். மூன்று புறமும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக் கடல். ஒன்றியப் பகுதியின் தலைநகரான புதுச்சேரியோ வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இவ்வளவு சிறிய பகுதியில் இரண்டு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஒன்று ஜிப்மரின் காரைக்கால் கிளை, 2016-இல் தொடங்கியது. மற்றொன்று விநாயகா மிஷன்ஸ் மருத்துவக் கல்லூரி. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. புதுச்சேரியில் கதிர்காமத்தில் அரசின் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதைத் தவிரத் தனியார் கல்லூரிகள் பல. அந்தத் தனியார் கல்லூரிகள் சிலவற்றில் ஒரு பகுதி இடங்கள் அரசு ஒதுக்கீட்டில், சென்டாக் கலந்தாய்வு வழியாக நிரப்பப்படுகின்றன. அம்பகரத்தூரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். ஆனால் அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் வழங்கப்படும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடையாது. நமக்கு 2023-இல் வந்த 10 விழுக்காடு தனி. வயல் வரப்பு போன்ற ஓர் எல்லைக்கோடு கல்லூரிக் கட்டணத்தையும் மாற்றிவிடுகிறது, பாருங்கள்!

ஜிப்மரில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். அங்கே இடம் கிடைத்தவருக்கு இந்தக் கட்டுரையே வேண்டாம், பெட்டியைக் கட்டலாம். (1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வளர்ந்த நிறுவனம் அது. கட்டணம் குறைந்தால் தரமும் குறையும் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது.) உண்மையான குழப்பம் அதற்கு அடுத்த படியில் நிற்பவர்களுக்குத்தான். அவர்களுக்காக ஒரு கணக்குப் போடுவோம்.

'க' கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம், ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 'ச' கல்லூரியில் நிர்வாக இடம், ஆண்டுக்கு 14 லட்சம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் கற்பனையில் ஊதிப் பெருக்கியவை அல்ல. 20 லட்சத்தைத் தாண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் உண்டு. எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. ஐந்து தவணைகளாகக் கட்டணம் செலுத்தினால் இரண்டு கல்லூரிகளுக்கும் உள்ள வித்தியாசம் 50 லட்சம்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் அது தொடங்குகிறது.

வித்தியாசத் தொகை முழுவதையும் 10 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்குகிறோம் என்று கொள்வோம். படிக்கும் காலத்தில் வங்கிகள் பலவும் கல்விக் கடனுக்குத் தனிவட்டிதான் போடுகின்றன. முதல் தவணை 10 லட்சத்துக்கு ஆறு ஆண்டு வட்டி, இரண்டாவதற்கு ஐந்து ஆண்டு, பிறகு நான்கு, மூன்று, இரண்டு. மொத்தம் இருபது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 20 லட்சம் வட்டி. ஆக, ஆறாம் ஆண்டின் முடிவில் 50 லட்சம், 70 லட்சமாக நிற்கிறது. அதன்பின் கூட்டுவட்டி. இந்த 70 லட்சத்தை 15 ஆண்டுகளில் மாதத் தவணையாகத் திருப்பிச் செலுத்த மாதம் ஏறத்தாழ 75,000 ரூபாய் வேண்டும். 180 மாதங்களையும் கூட்டிப் பாருங்கள்: ஒரு கோடியே 35 லட்சம்! நினைவிருக்கட்டும், இது படிப்பின் முழுச் செலவு அன்று. 'க'வுக்கும் 'ச'வுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே.

கூட்டுவட்டி உங்களுக்குப் புதியது அன்று. அதே கணிதத்தை அணுக்கருப் பாடத்தில் தலைகீழாகப் படிப்பீர்கள். தைராய்டு சிகிச்சையில் பயன்படும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிறது. மேலும் எட்டு நாளில் அந்தப் பாதியிலும் பாதியாகிறது. கடன் அப்படியே எதிர்த்திசையில் நடக்கும். 72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால், திருப்பித் தராத கடன் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 9 விழுக்காடு என்றால் 8 ஆண்டு. 12 விழுக்காடு என்றால் 6 ஆண்டு. இந்தச் சூத்திரத்தை வீட்டில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். நகைக்கடன் வைத்திருப்பவர் முகம் மாறும்.

மாதம் 75,000 ரூபாய் என்பதை நம் ஊர் அளவையில் சொல்லவா? 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஆகவே, மாதத்துக்குச் சுமார் 32 குவிண்டால் நெல். ஆண்டுக்கு 384 குவிண்டால். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு விவசாயிக்குப் பதினைந்து மா நிலம், அதாவது ஐந்து ஏக்கர். ஏக்கருக்கு 25 குவிண்டால் என்று நல்ல விளைச்சலாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டு போகத்துக்கும் சேர்த்து 250 குவிண்டால்தான். நாம் இருப்பதோ காவிரியின் கடைமடை. இரண்டு போகம் என்பதே பல ஆண்டுகளில் கனவு. உரம், ஆள்கூலி, அறுவடை இயந்திர வாடகை எதையும் நான் கழிக்கவில்லை.

அவர் சொன்னார்: "நெலத்த வித்துடலாம் சார். பொண்ணு டாக்டராயிட்டா சம்பாரிச்சுத் திரும்ப வாங்கிக்கும்." காகிதத்தில் மேற்படிக் கணக்கை எழுதிக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இப்போது புதுச்சேரியில், குறைந்த கட்டணக் கல்லூரியில் படிக்கிறாள். என் கணக்கைப் பார்த்துத்தான் அப்படி முடிவு செய்தார்கள் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். அதற்கு முன்பே அவர் மனைவி, எந்தக் கணக்கும் போடாமல், "அப்ப சின்னவளுக்கு என்னங்க வெப்பீங்க?" என்று கேட்டுவிட்டாராம். சின்னவள் ஒன்பதாம் வகுப்பு. உங்களில் பலர் ஏதாவது ஒரு வீட்டில் அந்தச் சின்னவராக இருப்பீர்கள். அதனால்தான் இந்தப் பேச்சில் நீங்களும் உட்கார வேண்டும் என்கிறேன்.

சரி, செலவு கூடுதலாகும் இடத்தில் வரவும் கூடுதலாக இருக்கலாம் அல்லவா? நியாயமான கேள்வி. அதையும் அளந்து பார்ப்போம்.

அங்கீகாரம் பெற்ற இரண்டு கல்லூரிகளும் தரும் பட்டம் ஒன்றே. பெயர் ஏறும் மருத்துவப் பதிவேட்டில் கட்டணத்துக்கென்று தனிக் கலம் இல்லை. மேற்படிப்புக்கு நீட் முதுநிலைத் தேர்வு. அதில் மதிப்பெண்தான் பேசும். இளநிலைக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இருந்தும், "அந்தக் கல்லூரிக்கு நல்ல பேர்" என்கிறார்கள். பேர் என்பது எந்த அலகில் அளக்கப்படுகிறது? முன்மண்டபத்தின் பளிங்குக் கல்லிலா, குளிரூட்டிய விடுதி அறையிலா, நாளிதழின் முழுப்பக்க விளம்பரத்திலா? இவற்றில் எதுவும் குழந்தையின் நெஞ்சில் கேட்கும் ஒலியைப் பிரித்தறியச் சொல்லித் தராது.

மருத்துவம் கற்பிப்பவர்கள் இருவர்: ஆசிரியரும் நோயாளியும். இதை அமெரிக்காவில் இருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். அங்கே ஆஸ்டியோபதி என்றொரு மருத்துவ வழி உண்டு. எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்வதில் நம்பிக்கை வைத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் அதற்கெனப் பள்ளி தொடங்கினார். இன்று அந்தக் கல்லூரிகளில் படிப்பவர்கள் மற்ற மருத்துவர்களைப் போலவே மருந்து எழுதுகிறார்கள், அறுவை சிகிச்சை செய்கிறார்கள். தனித்தனியாக இருந்த இரு சாரார் மேற்பயிற்சியும் 2020-இல் ஒரே அங்கீகார முறைக்குள் வந்துவிட்டது. ஆயினும் அங்கே மருத்துவ மாணவர் பலர் இரண்டு லட்சம் டாலருக்கு மேற்பட்ட கடனோடுதான் வெளியே வருகிறார்கள். இரண்டு ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், விவரமறிந்த மாணவர் கட்டணத்தோடு இன்னொன்றையும் விசாரிக்கிறார்: "மூன்றாம், நான்காம் ஆண்டில் எங்களை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்?" ஏனென்றால் அந்தக் கல்லூரிகளில் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. வெவ்வேறு ஊர்களின் மருத்துவமனைகளில்தான் பயிற்சி. மிசௌரி மாணவர் கேட்கும் அதே கேள்வியை நாமும் கேட்கலாம்: நோயாளிகள் எங்கே?

நம் நாட்டில் மருத்துவக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கு 100 மாணவர் சேர்ந்தால் 400-க்கு மேற்பட்ட படுக்கைகள், 150 பேர் என்றால் 600-க்கு மேல். படுக்கை இருப்பது வேறு. படுக்கையில் ஆள் இருப்பது வேறு. ஆய்வு நாளில் மட்டும் வார்டு நிரம்புகிறது என்ற புகார் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் எழுந்ததுண்டு. அதை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு பரிசோதனை சொல்கிறேன். கருவி எதுவும் வேண்டாம், ஒரு கைக்கடிகாரம் போதும். வேலை நாள் ஒன்றில் காலை பத்து மணிக்குக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளி சீட்டு வாங்கும் இடத்துக்குப் போங்கள். அரை மணி நேரத்தில் எத்தனை பேர் சீட்டு வாங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். வேறொரு நாள் மீண்டும் போங்கள். இன்னொரு கல்லூரியிலும் அவ்வாறே. ஓர் அளவீட்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று ஆய்வகத்தில் படித்திருக்கிறீர்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சனிக்கிழமை காலை திருநள்ளாற்றுக் கோயில் வாசலில் நின்று தலைகளை எண்ணி, "இந்த ஊரின் மக்கள்தொகை இவ்வளவு" என்று ஒருவர் எழுதினால் சிரிப்பீர்கள். இலவச முகாம் நடக்கும் நாளில் மருத்துவமனையைப் பார்த்துவிட்டு வருவதும் அப்படித்தான். (சனி கிரகம் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது, பன்னிரண்டு ராசிக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை ஆண்டு. பையனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, இந்த ஆண்டு சேர்க்கலாமா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அதை அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் விட்டுவிடுகிறேன். வட்டி விகிதம் எல்லா ராசிக்கும் ஒன்றுதான்.)

எண்ணி முடித்தபின் உள்ளிருப்புப் பயிற்சி மருத்துவர் ஒருவரைத் தேநீர்க் கடையில் பிடியுங்கள். "அண்ணா, மாதம் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள்? காயத்துக்குத் தையல் போட விட்டார்களா? உதவித்தொகை முழுதாகக் கைக்கு வருகிறதா?" என்று கேளுங்கள். விளம்பரத்தில் இல்லாத பதிலெல்லாம் அவரிடம் கிடைக்கும். 'ச' கல்லூரியில் நோயாளிகள் திரளாக வருகிறார்கள், 'க'வில் வார்டுகள் காற்றாடுகின்றன என்று தெரிந்தால், நான் என் கட்சியை விட்டு உங்கள் பக்கம் வந்துவிடுவேன். கூடுதல் பணத்துக்கு அங்கே ஏதோ கிடைக்கிறது. ஆனால் கூடுதலாகத் தருவது என்ன என்று நிரூபிக்க வேண்டியது கூடுதலாகக் கேட்பவரே. அதுவரை குறைந்த விலைக்கே என் வாக்கு.

மலிவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுப் படிப்பையும் மலிவு என்றுதான் விற்கிறார்கள். அங்கே படித்துத் திரும்புவோர் இந்தியாவில் தொழில் செய்யத் தனியே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் பலமுறை நான்கில் ஒருவருக்கும் குறைவானவர்களே தேறியிருக்கிறார்கள். மீண்டும் மீண்டும் எழுதலாம் என்பது உண்மை. அந்த ஆண்டுகளுக்கும் விலை உண்டு என்பதும் உண்மை. செலவை வெற்றிக்கான வாய்ப்பால் வகுத்துப் பார்த்தால், 25 லட்சம் 25 லட்சமாகவே இருக்காது. 2022-இல் உக்ரைன் போரினால் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்களை நினைத்துப் பாருங்கள். போரை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது. 2021-இல் வந்த விதிகளையோ படித்துப் பார்க்கலாம்: குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அதே நிறுவனத்தில் ஓராண்டுப் பயிற்சி. முகவர் இவற்றைத் தாமாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்று சொல்வார்கள்: "வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் நிம்மதி." நிம்மதிக்கு விலை போட முடியாதுதான். என்றாலும் தூரத்துக்குப் போடலாம். வாரந்தோறும் வாடகைக் காரிலேயே புதுச்சேரிக்கும் ஊருக்கும் வந்துபோனால், ஒரு நடைக்கு 6,000 ரூபாய் வைத்தாலும், ஐம்பது வாரத்துக்கு 3 லட்சம். பேருந்தில் வந்தால் அதில் சிறு பங்குகூட ஆகாது. பக்கத்தில் இருப்பதற்காக ஆண்டுக்கு 10 லட்சம் கூடுதலாகக் கொடுப்பது மிக உயர்ந்த போக்குவரத்துச் செலவு என்றே எனக்குப் படுகிறது.

எனக்குக் கவலை தரும் விஷயம் வேறொன்று. ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசு மருத்துவ அலுவலரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். படிகள் சேர்ந்தால் கணிசமாக உயரும். குடும்பம் நடத்தத் தாராளமாகப் போதும். ஆனால் அதிலிருந்து 75,000 ரூபாயை முதல் தேதியே வங்கிக்குக் கொடுத்துவிட்டால்? கடனுள்ள இளம் மருத்துவர் நெடுங்காட்டிலோ அம்பகரத்தூரிலோ வேலை பார்க்க விரும்பினாலும் தவணை விடாது. பணம் அதிகம் வரும் நகரத்துக்கும், பணம் அதிகம் வரும் பிரிவுக்கும் அவரைத் தள்ளும். தேவையில்லாத ஒரு ஸ்கேன் எழுதும் ஆசையும் அங்கேதான் பிறக்கலாம். பதினேழு வயதில், நீங்கள் இல்லாத அறையில் போடப்பட்ட ஒரு கையெழுத்து, முப்பத்தைந்து வயதில் நீங்கள் எந்த நோயாளியின் முன் உட்காருவீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. குடும்பத்தில் சேமிப்பு தாராளமாக இருக்கிறது, யார் பங்கும் குறையாது என்றால் உங்கள் விருப்பம். அப்படிப்பட்ட குடும்பங்கள் நம் தெருவில் எத்தனை?

இப்போது பத்தாவதில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. கலந்தாய்வில் உங்கள் விருப்பப் பட்டியலைக் கணினி மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். உங்கள் தரவரிசைக்கு எட்டும் முதல் இடத்தை ஒதுக்கிவிடும். எனவே வரிசைதான் முடிவு. பட்டியலைப் பூட்டும் கடைசி இரவில், கணினி மையத்தில் நெரிசலுக்கு நடுவே, மையம் நடத்துபவர் சொல்லும் பெயர்களை நிரப்பிவிட்டு வருகிறார்கள் பலர். நீங்கள் அதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு தாளை எடுங்கள். கல்லூரியின் பெயர், கட்டணம், விடுதி, உணவு, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, கிடைக்காத தொகை, நீங்கள் எண்ணிய நோயாளிகள், கடன் எவ்வளவு, தவணை எவ்வளவு என்று கலம் பிரித்து நிரப்புங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். எந்தப் பத்திரம் வங்கிக்குப் போகப் போகிறது என்பதையும் ஒரு கலத்தில் எழுதுங்கள். எழுதியதை அப்பா அம்மாவோடு சேர்த்துத் தம்பி தங்கைகளுக்கும் படித்துக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு வரிசை எண் போடுங்கள்.